படம் என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டும்

மச்சான்,

போன வாரம் ஒரு டாக்டர் எனக்கு ஒரு குச்சியைக் காட்டினார். இறைச்சி கோத்துச் சுடுகிற சத்தே குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். பளபளவென்று இருந்தது, நுனியில் மிளகளவு கண்ணாடி. அந்தக் கண்ணாடி நேராகப் பார்க்காதாம், சாய்த்துப் பார்க்குமாம். எலும்புக்குப் பின்னால் மறைந்திருப்பதும் திரையில் பெரிதாகத் தெரியுமாம். "இத வச்சுத்தான் அங்கிள் உங்க பேத்தியோட தாடைக்குள்ள பார்த்தோம்" என்றார். வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நீயாக இருந்தால் கேட்டிருக்கமாட்டாய், பிடுங்கியிருப்பாய்.

பேத்தியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு பிறந்தவள். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி, முகவாய்க்கட்டை தார் ரோட்டில் மோதிவிட்டது. முகவாயில் சின்னக் காயம்தான். முறிவு அங்கே இல்லை, காதுக்குக் கீழே. முகவாயில் பட்ட அடி எப்படிக் காது வரைக்கும் போகும் என்று அந்தச் சின்ன டாக்டர் பொறுமையாக எனக்கு விளக்க ஆரம்பித்தார். "தெரியும் டாக்டர்" என்றேன். கிழடுகள் எல்லாம் இப்படித்தான் சொல்லும் என்று நினைத்திருப்பார், விளக்கத்தை நிறுத்தவில்லை. உன் புண்ணியத்தில், மனித உடம்பில் அந்த ஒரு எலும்பைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும்.

நாம் செய்த வேலையைப் பற்றிப் பேத்தியிடம் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள். ஈப்போ தியேட்டர் ஒன்றின் வேனில் திரை, புரொஜெக்டர், கூரையில் புனல் மாதிரி ஒரு ஒலிபெருக்கி. தோட்டம் தோட்டமாகப் போய்த் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவோம். தோட்டத்துச் சனங்கள் அதைப் படவண்டி என்பார்கள். வண்டி ஓட்டுவதும் மெஷினைப் பார்த்துக்கொள்வதும் நான். மைக் நீ. எழுபதுகளின் கடைசியில், சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் என் முகத்தை ஒருவருக்கும் தெரியாது. உன் குரலைத் தெரியாதவர் இல்லை.

மற்ற வண்டிக்காரர்கள் படத்தின் பெயரையும் நடிகர் பெயரையும் திரும்பத் திரும்பக் கத்துவார்கள். உனக்கு அது பிடிக்காது. வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்துக்குள் வண்டி நுழைந்ததும் சன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாய். கண்ணில் படுவதெல்லாம் மைக்கில் வந்துவிடும்.

"முனை வீட்டு அக்கா! கருவாடு வறுக்கிற வாசம் ரோடு வரைக்கும் வருது, எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க! சட்டைக்குப் பொத்தான் தைக்கிற அண்ணே, தச்சது போதும், படத்துல ஒங்க சட்டைய யாரு பாக்கப் போறா? படம் வருது, படம்! அழுகைப் படம்! கைலேஞ்சி எடுத்துட்டு வாங்க!"

பால் வெட்டிவிட்டுக் களைத்துப் போய்ப் படுத்திருப்பவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். தங்களைப் பற்றி ஒலிபெருக்கியில் சொல்கிறான் என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டு மாப்பிள்ளை தோற்றான்.

நீ விழுந்ததும் அந்த வேலையில்தான். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் உனக்கு இருந்த கிறுக்கு வேறு ஒருவருக்கும் இல்லை. காற்று திசை மாறினால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூரையில் ஏறிவிடுவாய். அன்றைக்கு மழை விட்டு ஈரம் காயவில்லை. இறங்கும்போது கால் வழுக்கி, முன் பம்பரில் முகவாய் இடித்துக் கீழே உட்கார்ந்தாய். ரத்தம் கழுத்து வரைக்கும் வழிந்தது. நான் பதறிக்கொண்டு வந்தால், கைலேஞ்சியை முகவாயில் அழுத்திக்கொண்டு மிச்ச லயத்தையும் சுற்றச் சொன்னாய். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தையல் போட்டார். நல்ல தையல். காயம் முகவாயில் இருக்கும்போது காதுக்குக் கீழே யார் தேடுவார்கள்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

மறுநாள் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தாய், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

"மச்சான், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரலடா."

"சேரலன்னா?"

"நேத்து வரைக்கும் ஒண்ணா இருந்துச்சுங்க. இன்னைக்கு வேற வேற வீடு."

அப்போதும் விளையாட்டுத்தான் உனக்கு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு விளையாட்டு நின்றது.

அந்த டாக்டர் வயதில் பெரியவர், சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து, எதையும் மறைக்காமல் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தாடை எலும்பு காதுக்குக் கீழே முறிந்து சாய்ந்துவிட்டது என்றார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காதுக்கு முன்னால் வெளியே வெட்டி, எலும்பைப் பார்த்துச் சேர்ப்பது. சேர்ந்தால் நன்றாகச் சேரும். ஆனால் முகத்தை அசைக்கிற நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அதில் கத்தி பட்டால் ஒரு பக்கக் கண்ணும் உதடும் மூடாமல் போகலாம். இன்னொன்று, வெட்டாமல் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டு, எலும்பு தானாக ஒட்டும் வரை காத்திருப்பது. முகத்துக்கு ஆபத்து இல்லை. ஆனால் எலும்பு எப்படி ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. கோணலாகவும் ஒட்டலாம். வாய் முழுதாகத் திறக்காமலும் போகலாம்.

வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வா என்று டாக்டர் சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டினாய். வெளியே வராந்தாவில் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, உதட்டை ஒட்டியும் திறந்தும் காட்டினாய்.

"படம்னு சொல்லிப் பாரு."

சொன்னேன்.

"ஒதடு ஒட்டுது பாத்தியா? ஒட்டாம சொல்லு பாப்போம்."

முயன்று பார்த்தேன். வரவில்லை.

"மொகம் கோணிட்டா பரவால்லலா. வேனுக்குள்ள ஒக்காந்திருக்கிறவன் மூஞ்சிய யாரு பாக்கப் போறா? ஆனா ஒதடு மூடலன்னா படம்னு எப்பிடிடா சொல்லுவேன்? கம்பியே கட்டட்டும்."

இவ்வளவுதான் நீ எடுத்த முடிவு. உன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய முடிவு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கம்பி கட்டிக்கொண்டு நீ வெளியே வந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஈறு ஓரமாக மேலும் கீழும் வளைந்த இரும்புப் பட்டை, நடுவில் முறுக்கிய கம்பிகள். நர்ஸ் என் கையில் ஒரு கட்டரைக் கொடுத்து, வாந்தி வந்தால் எந்தெந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று காட்டினார். வெட்டாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போவான் என்றும் சாதாரணமாகச் சொன்னார். வாரக்கணக்கில் அந்தக் கட்டரைச் சட்டைப் பையில் சுமந்தேன். மேடு பள்ளமான செம்மண் ரோட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் உன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன். நல்லவேளை, ஒரு தடவைகூட அதற்கு வேலை வரவில்லை.

பாகான் டத்தோவிலிருந்து உன் அக்கா வந்து தங்கி, கஞ்சியும் ஆட்டு எலும்புச் சாறும் வடிகட்டி வடிகட்டி ஊற்றினார். கடைவாய்க்குப் பின்னால் இருந்த சந்தில் குழாய் விட்டு உறிஞ்சுவாய். கம்பி முனை கன்னத்தைக் கிழிக்காமலிருக்க மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்வாய். மெழுகு கோயில் மெழுகுவர்த்தியில் கிள்ளியது. சர்ச்சுக்கு உன்னைப் போல விசுவாசமாகப் போனவர்கள் அந்த நாளில் குறைவு. தோட்டத்துக்குப் போனால் கங்காணி ஒருவர் உன் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குத் தம்பி ஆஸ்பத்திரி? நம்ம ஒட்டுப்பால வச்சு ஒட்டியிருந்தா பல்லு ஆயுசுக்கும் பிரியாதுலா" என்றார். சிரிக்க முடியாமல் வண்டிக் கதவில் குத்திக்கொண்டு நின்றாய்.

வேலை நிற்கவில்லை. உன் இடத்தைத் தியேட்டர் முதலாளி தவுக்கே வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அவர் நல்ல மனிதர். ஆனால் குணமாகும் வரை மைக்கை நான்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மெஷினைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். மைக்கைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் நான் பேசியதைக் கேட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று இரண்டு பெண்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் தட்டுவாய். வேகமாகத் தட்டினால் வேகமாகப் பேச வேண்டும், அழுத்தினால் இழுக்க வேண்டும், கிள்ளினால் வாயை மூட வேண்டும். நிறையக் கிள்ளினாய். வெளியே கையை நீட்டி ஒரு வீட்டைக் காட்டுவாய். அங்கே ஒரு பாட்டன் பேரனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருப்பார். பல்லுக்கு நடுவில் நீ என்னவோ முணுமுணுப்பாய். அதைப் புரிந்துகொண்டு நான் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

தைப்பூசத்தன்று நடந்ததைத்தான் பேத்திக்கு நான் முதலில் சொன்னேன். அவளால் சிரிக்க முடியவில்லை, கன்னம் வீங்கியிருந்தது.

குனோங் சீரோ கோயில் கூட்டத்தில் லீவு நாள் படத்துக்கு விளம்பரம் செய்யத் தவுக்கே நம்மை அனுப்பியிருந்தார். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, மோர் வாங்கலாம் என்று நடந்தோம். முகவாய்த் தையலுக்காக நீ சவரம் செய்யவில்லை, தாடி வளர்ந்துகிடந்தது. வெறும் சாறு குடித்துக் குடித்துக் கண் உள்ளே போயிருந்தது. கூட்ட நெரிசலில் செருப்பு வேறு தொலைந்துவிட்டது. மோர்ப் பந்தலில் குழாய் வைத்துக் குடிக்க உதட்டை விலக்கினாய். வெயிலில் கம்பி பளிச்சென்றது.

எதிரே நின்ற ஒரு பாட்டியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

கன்னத்திலும் நாக்கிலும் சின்ன வேல் குத்தி, பேசாமல் விரதம் இருக்கிறவர்களை அந்த அம்மா ஆயுள் முழுக்கப் பார்த்திருப்பார். வாய்ப்பூட்டு என்பார்கள். உன் வாயில் இருந்த அத்தனை கம்பியையும் பார்த்ததும், இது என்ன பெரிய வாய்ப்பூட்டு, இவர் எவ்வளவு பெரிய விரதக்காரர் என்று நினைத்துவிட்டார். பந்தலில் இருந்த திருநீற்றுத் தட்டை எடுத்து உன் முன்னால் நீட்டினார். நீ கையை ஆட்டி, "நான் இல்லம்மா" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாய். "பேசாதீங்க சாமி! வெரதம் கெட்டுரும்!" என்று அவரே பதறிப்போய் உன் வாயைப் பொத்தினார்.

நான் குறுக்கே போய், "அம்மா, இவரு வேண்டுதல்காரர் இல்ல, தாடை ஒடஞ்சவரு, அதுலயும் கிறிஸ்தவரு" என்றேன். உறுமி சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். "ஒனக்கு ஏம்பா இந்தப் பொறாம?" என்று ஓர் ஆள் என்னைப் பிடித்துத் தள்ளினார். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். வேறு வழி தெரியாமல் நீ தட்டில் கை வைத்தாய்.

ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு பூசினாய். முதலில் அவசர அவசரமாக. பிறகு நிதானமாக. வரிசையில் ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். சின்னப் பிள்ளை, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "பேச்சு வரல சாமி. காது கேக்குது, எல்லாம் புரியுது, பேச்சு மட்டும் வரல. நீங்க வாயப் பூட்டிட்டு வந்திருக்கீங்க, எம்புள்ளைக்குத் தெறந்து விடுங்க" என்றாள். அந்த இடத்தில் உன் கை நின்றுவிட்டது. அதுவரை எனக்கு இதெல்லாம் கூத்தாகத்தான் இருந்தது. நீ குனிந்து, அந்தப் பிள்ளையின் நெற்றியில் பூசி, கொஞ்சம் எடுத்து உதட்டிலும் தடவினாய். பிறகு தட்டைப் பாட்டியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கும்பிட்டு, வேகமாக நடந்தாய்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தாய். பல்லுக்கு நடுவில் என்னவோ சொன்னாய். திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு மொதல்ல வரட்டும்டா. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த ஞாயிறு பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப் போவதாகச் சொன்னாய். கம்பி கட்டிய வாயால் எப்படிச் சொன்னாயோ தெரியாது. பாதர் சிரித்துவிட்டார் என்று மட்டும் தெரியும்.

கம்பியை எடுத்த நாளில் வாய் ஒரு விரல் நுழைகிற அளவுகூடத் திறக்கவில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து நெம்பச் சொன்னார்கள். ஒவ்வொரு குச்சியாகக் கூட்டினாய். வண்டி ஓடும்போது, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, எப்போதும் வாயில் குச்சிக்கட்டு. வாய் திறந்தது. ஆனால் நேராகத் திறக்கவில்லை, திறக்கத் திறக்க வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எலும்பு கோணலாகத்தான் ஒட்டியிருந்தது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. படம் என்று சொன்னாய், உதடு அழகாக ஒட்டிப் பிரிந்தது. வராந்தாவில் நின்று ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்லிக் காட்டினாய். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

மறுபடியும் நீ மைக் பிடித்த அன்று, சுங்காய் பக்கம் அதே தோட்டம். லயத்துக்குள் நுழைந்ததும் பழையபடி ஆரம்பித்தாய். சனங்கள் ஓடி வந்தார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டக். ஒவ்வொரு தடவை நீ வாயைப் பெரிதாகத் திறக்கும்போதும் காதுக்குக் கீழே அந்த மூட்டு சொடுக்கியது. பக்கத்தில் இருக்கும் எனக்கே சாதாரணமாகக் கேட்காது. மைக் அதை எடுத்து, ஒலிபெருக்கி அதைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோனது. படம் வருது, டக். அழுகைப் படம், டக். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே டக் டக் என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்தார்கள். நீ சிரித்துச் சமாளித்தாய். மெஷினில் கோளாறு என்று நினைத்துத் தவுக்கே வயரை மாற்றினார், மைக்கையே மாற்றினார். கோளாறு எங்கே என்று நாம் இரண்டு பேரும் அவரிடம் சொல்லவில்லை.

சத்தம்கூடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் கத்தினால் தாடை அப்படியே பூட்டிக்கொண்டது. காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, நெற்றியில் வியர்வை கொட்ட உட்கார்ந்திருப்பாய். பழைய டாக்டரிடம் போனோம். பேசலாம், சாப்பிடலாம், ஆனால் சத்தம் போட்டுப் பேசுகிற தொழில் இனி வேண்டாம் என்றார். இப்போது திறந்து சரிசெய்வதென்றால் அதே வெட்டு, அதே நரம்பு, பலன் அதைவிடக் குறைவு. நீ எழுந்து அவருக்குக் கை கொடுத்தாய்.

தவுக்கே உன்னைத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார். மைக் என் கைக்கு நிரந்தரமாக வந்தது. அதற்குள் நான் கொஞ்சம் தேறியிருந்தேன். கருவாடு, பொத்தான், தலை துவட்டுகிற தாத்தா, எல்லாம் உன்னிடமிருந்து எடுத்ததுதான். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது.

எண்பதுகளில் வீடியோ வந்தது. லயத்தில் யாராவது ஒருவர் வீட்டில் டெக்கை வாடகைக்கு எடுத்து வைத்தால் மொத்தச் சனமும் அங்கே போய்விடும். படவண்டிக்குக் கூட்டம் இல்லை. தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, உனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒரு வார்த்தை சொன்னேன். "ஒந்தாடை நல்லா இருந்திருந்தாலும் என்ன மச்சான், எப்பிடியும் இந்த வேலை போயிருக்கும்லா. வீடியோ யாரை விட்டுச்சு?"

கணக்கு சரியான கணக்குதான். நீயும் தலையாட்டினாய். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்:

"போயிருக்கும்டா. ஆனா நடுவுல அந்தக் கொஞ்ச வருஷம் இருந்துச்சுல்ல. அது எனக்கு வேணும்."

பேத்திக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய்க்குள் கடைசிப் பல்லுக்குப் பின்னால் சின்னதாகக் கீறி, குச்சியை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே எலும்பைச் சேர்த்து, தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். வெளியே கன்னத்தில் ஒரு பொட்டு அளவுக்குத் துளை. காதுக்கு முன்னால் வெட்டே இல்லை, அதனால் அந்த நரம்பின் பக்கம் கத்தி போகவே இல்லை. எல்லா முறிவுக்கும் இது சரிப்படாது, இன்றைக்கும் பல பேருக்குக் கம்பியும் ரப்பரும் போட்டே குணமாகிவிடும் என்று டாக்டர் நியாயமாகச் சொன்னார். எழுபதுகளில் இது இருந்ததா என்று கேட்டேன். "தாடைக்கு அப்போ எங்கயும் இல்ல அங்கிள்" என்றார்.

அவள் கண் விழித்து, வீங்கின கன்னத்தோடு வாயைத் திறந்தாள். நேராகத் திறந்தது. நான் காதை அவள் வாய்ப் பக்கம் கொண்டுபோய்க் கேட்டேன். டக் சத்தம் இல்லை.

"தாத்தா, என் ஃபோன் எங்க?"

எனக்குப் பொறாமையாக இருந்தது மச்சான். சொந்தப் பேத்தி குணமானதற்கு எவனாவது பொறாமைப்படுவானா? நான் பட்டேன். நன்றாக இருக்கட்டும் பிள்ளை, நூறு வயது பேசட்டும், அதில் குறை இல்லை. ஆனால் ஒரு சத்தே குச்சிதானே, அதை உனக்காகக் கொஞ்சம் முன்னாலேயே யாராவது யோசித்திருக்கக்கூடாதா என்று வயிறு எரிந்தது. காப்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, கார் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அழுகை வராது, உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது.

படவண்டி கடைசியாகப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். தவுக்கே வண்டியை விற்கப் போவதாகச் சொன்னதும் நீ டிக்கெட் வாசலுக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாய். தோட்டத்து வாசல் தாண்டியதும், என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாய். மைக்கைக் கொடுத்தேன்.

எப்படிப் பேசினாய்! மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவரை விடவில்லை, குழாயடியில் குடம் நிரப்பிய பெண்களை விடவில்லை, சைக்கிளில் போன ஆபீஸ் கிராணியைக்கூட விடவில்லை. டக் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, நீ அதைப் பொருட்படுத்தவில்லை. மாரியம்மன் கோயில் வளைவு வரும்போது உன் முகம் சுண்டியது. கை காதுக்குக் கீழே போனது. "இன்னைக்கு விட்டா இனிமே" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அப்படியே மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாய். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம படவண்டி வராது, வந்து பாத்துட்டுப் போங்க" என்று நான் முடித்தேன். மிச்ச லயம் முழுக்க நான்தான் பேசினேன்.

திடலில் திரை கட்டும்போது குழாயடிப் பெண்களில் ஒருவர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தார். "எத்தன வருஷமாச்சு தம்பி ஒங்க கொரலக் கேட்டு! வாசல்லேருந்து கடைசி லயம் வரைக்கும் மூச்சு விடாம பேசினீங்களே, அப்பிடியே இருக்குலா!" என்றார். நீ அவரிடம் ஒன்றும் மறுக்கவில்லை. "நன்றிக்கா" என்றாய். அவர் போன பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னாய்:

"நான் எங்க விட்டேன், நீ எங்க எடுத்தன்னு அவங்களுக்குத் தெரியலடா."

அது சந்தோஷமா, வருத்தமா என்று நான் கேட்கவில்லை. கயிற்றை இழு, திரை தொங்குது என்று சொன்னேன்.

அதன் பிறகு நான் பஸ் ஓட்டப் போய்விட்டேன், மைக்கைத் தொடவில்லை. உன் அடக்கத்தன்றுதான் திரும்பத் தொட்டேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் உன் அக்கா என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு வார்த்த பேசுங்க தம்பி, நீங்கதான் அவனுக்கு எல்லாம்" என்றார். முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவது என்று ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கியில் வந்தது என் குரல் இல்லை. அதே இழுப்பு, அதே ஏற்ற இறக்கம், கூட்டத்தைக் கூப்பிடுகிற அதே தினுசு. முன் பெஞ்சில் தலை குனிந்து அழுதுகொண்டிருந்த உன் அக்கா சட்டென்று நிமிர்ந்து, என்னை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

நான் பாதியில் நிறுத்திவிட்டு, மைக்கைப் பாதரின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் யாரையாவது சத்தமாகக் கூப்பிட்டால் அந்தக் குரல்தான் வருகிறது. உன்னுடையது, என்னிடம் இருக்கிறது. கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள நீ இல்லை, மச்சான்.